மாத்திரை இல்லீங்க, மிட்டாயிங்க

லேபில் ரத்தம் எடுப்பது சுலபம், எடுப்பதற்கு முன் "என்ன சாப்பிட்டீங்க?" என்ற கேள்விக்கு உண்மையான பதில் வாங்குவதுதான் கஷ்டம்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சின்ன லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். ரிப்போர்ட்டில் ஒரு புள்ளி இடம் மாறினால்கூட பட்டத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் இன்னும் விடவில்லை. மருந்துக்கடை, கிளினிக், லேப் என்று எங்காவது கவுண்டருக்குப் பின்னால் நிற்பவராக இருந்தால், வைத்தியம் சொல்லும் நம் சினிமா நட்சத்திரங்களோடு நீங்களும் மல்லுக்கட்டியிருப்பீர்கள். முதல் சம்பவம் மட்டும் நான் நேரில் பார்த்ததல்ல. எங்கள் சீனியர் ஸ்டெல்லா அக்கா சொன்னது. அவர் கூட்டிச் சொல்கிறவர் இல்லை என்று நம்பி எழுதுகிறேன்.

வெறும் வயிறு

காந்திபுரத்தில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர் ஒருவர் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வந்தாராம். எதுவும் சாப்பிடவில்லை என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். ரிப்போர்ட் எகிறியதும் ஸ்டெல்லா அக்கா துருவித் துருவிக் கேட்க, நெய்யும் நாட்டுச்சர்க்கரையும் போட்ட காபி ஒரு டம்ளர் வெளியே வந்தது. தன் இளமைக்கு அந்தக் காபிதான் காரணம் என்று ஒரு கதாநாயகர் பேட்டியில் சொல்லியிருக்கிறார். நாட்டுச்சர்க்கரை உடம்பில் சர்க்கரையாகவே மாறாது என்பதும் அதே பேட்டியில் வந்த கண்டுபிடிப்பு. அக்கா எவ்வளவோ விளக்கியிருக்கிறார். கடைக்காரர் மெஷினை ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "ஏனுங்க, நாட்டுச்சர்க்கரையையும் சர்க்கரைக் கணக்குல சேத்தற மெஷினை எங்கீங்க வாங்குனீங்க?"

ரத்தத்தில் காரம்

இது நானே பட்டது. வாக்கிங் முடித்து நேராக வந்த பெரியவர் ஒருவர், தன் ரத்தத்தில் காரத்தன்மை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். ஒரு நகைச்சுவை நடிகர் இப்போது உடல்நல ஆலோசகராகிவிட்டார். அவர் விற்கும் தண்ணீரைக் குடித்தால் ரத்தம் காரமாகிவிடும், காரமான ரத்தத்தில் எந்த நோயும் தங்காது என்பது அவருடைய தத்துவம்.

நுரையீரலும் சிறுநீரகமும் அந்த அளவை மாறவிடாமல் பார்த்துக்கொள்கின்றன, தண்ணீர் குடித்தெல்லாம் அதை மாற்ற முடியாது, உண்மையிலேயே ஏறியிருந்தால் நீங்கள் நடந்து வந்திருக்க மாட்டீர்கள், ஆம்புலன்ஸில்தான் வந்திருப்பீர்கள் என்று பாடப்புத்தகத்தை ஒப்பிப்பதுபோல் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எழுந்து போகும்போது மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "நல்லாப் பேசறீங்க அம்மணி. ஒரு சேனல் ஆரம்பிங்க, அப்பறம் நம்பலாம்."

காலை மிட்டாய்

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து சுகன்யா தன் மாமியாரோடு வந்தார். மூன்று மாதக் கர்ப்பம். தைராய்டு குறைவாகச் சுரப்பதால் தினமும் மாத்திரை எடுப்பவர். முகம் உப்பியிருந்தது, உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி வழிந்தார். மாத்திரை போதவில்லை என்று என் அரைகுறை அறிவுக்கே தெரிந்தது. ஆனால் மெஷின் தலைகீழாக, தைராய்டு அளவுக்கு மீறி இருப்பதாகச் சொன்னது. மறுபடி ஓட்டினேன், அதே எண். அதை நம்பினால் டாக்டர் மாத்திரையைக் குறைப்பார். கர்ப்பத்தில் அப்படிக் குறைத்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம்.

நம் ரிப்போர்ட்டை நாமே சந்தேகப்பட்டால் யார் வருவார்கள், பேசாமல் அனுப்பு என்றார் லேப் முதலாளி. முடிக்கு ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டுப் பார் என்று ஸ்டெல்லா அக்கா காதோடு சொன்னார். சுகன்யாவுக்குப் போன் போட்டேன். வேறு மாத்திரை எதுவும் இல்லை என்று காலையில் சொன்னதையே சொன்னார். முடியைப் பற்றிக் கேட்டதும்தான் ஒரு நடிகை விற்கும் ரோஸ் நிறக் கரடி பொம்மை வடிவ மிட்டாய் பேச்சில் வந்தது. முடி கொட்டுகிறதென்று ஒன்றுக்கு நாலாகச் சாப்பிட்டிருக்கிறார், ரத்தம் கொடுக்க வந்த அன்று காலையிலும். "அது மாத்திரை இல்லீங்க, மிட்டாயிங்க. வெறும் வயித்துல தின்னாத்தான் உடம்புல புடிக்கும்னு அவங்களே சொல்லியிருக்காங்க."

இரண்டாவது ரிப்போர்ட்

அந்த மிட்டாயில் இருப்பது பயோட்டின் என்ற வைட்டமின். எங்களுடையதைப் போன்ற சில மெஷின்கள் பயோட்டினைப் பிடிமானமாக வைத்துத்தான் தைராய்டை அளக்கின்றன. ரத்தத்தில் அது நிறைய இருந்தால் குறைவை அதிகம் என்று காட்டிவிடும். சுகன்யாவின் டாக்டரைக் கூப்பிட்டு, திக்கித் திணறிச் சொன்னேன். அவர் மாத்திரையில் கை வைக்காமல், மிட்டாயைச் சில நாள் நிறுத்திவிட்டு மறுபடி பார்க்கச் சொன்னார். இரண்டாவது ரத்தத்தில் தைராய்டு பயந்தபடியே மிகவும் குறைவு. மாத்திரையின் அளவைக் கூட்டினார்.

எல்லாவற்றையும் மாமியாரிடம் முதலிலிருந்து விளக்கினேன். நன்றி வரும் என்று லேசாக எதிர்பார்த்ததையும் மறைக்கவில்லை. அவர் இரண்டு ரிப்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "மொத ரிப்போர்ட்டு பொய்யின்னு நீங்களே சொல்றீங்க. அப்பறம் ரெண்டாவது நெசம்னு எப்பிடீங்க நம்பறது? அந்த நடிகைப் பொண்ணு இதுவரைக்கும் பேச்ச மாத்துனதே இல்லீங்க."

பிரபல டாக்டர்

சுகன்யாவின் தைராய்டு அடுத்தடுத்த பரிசோதனைகளில் சரியான அளவுக்கு வந்தது. பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது. அதற்குள் ஊரெல்லாம் ஒரு வாட்ஸ்அப் செய்தி பரவியிருந்தது: கோவையின் பிரபல டாக்டர் எச்சரிக்கை, நடிகையின் மிட்டாய் தைராய்டு சுரப்பியையே உருக்கிவிடும்! கழுத்தைத் தடவிக்கொண்டே ஆட்கள் வந்தார்கள். உருக்காது, பரிசோதனையை மட்டும்தான் குழப்பும் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். யாருக்கும் திருப்தியில்லை. ஒரு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, நீ அந்த நடிகையோட ஆளா?" என்றார்.

பிறகு விசாரித்துப் பார்த்ததில், அந்தச் செய்தியை முதலில் அனுப்பியவர் சுகன்யாவின் மாமியார் என்றும், அதில் எச்சரிக்கை விடுக்கும் கோவையின் பிரபல டாக்டர் நான்தான் என்றும் உறுதியானது.