கேட் பெட்டிக்குள் நடந்த கணக்கு வகுப்பு

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் வேலை. மகள் கீர்த்தனா பத்தாம் வகுப்பு.

பெற்றோர் கூட்டத்தில் கணக்கு டீச்சர், "தினமும் மாலை ஆறு மணிக்கு ஆன்லைன் வகுப்பு. யார் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது?" என்று கேட்டார். எல்லோரும் கை தூக்க, எழுந்து பேசக் கூச்சப்பட்டு நானும் தூக்கினேன். எங்களிடம் இருப்பது ஒரே போன். அது என்னோடு மதியம் தொடங்கி இரவு முடியும் இரண்டாம் ஷிப்டுக்கு வந்துவிடும். கேட்டில் உள்ள பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

இரண்டு வாரம் கழித்து கேட்டில் செக்யூரிட்டி சிரித்தார். "இன்னாண்ணே, ஆறு மணியானா உன் போனு பொட்டிக்குள்ள கத்திக்கினே கீது? ஊட்ல தெரியுமா?"

வந்திருந்த ஆங்கில மெசேஜை அவரையே படிக்கச் சொன்னேன்.

"கணக்கு கிளாஸுண்ணே!"

மறுநாள் காலை மகளிடம் கேட்டேன். "நீதான நைனா கை தூக்குன? போனு இல்லாம எப்பிடி வேலைக்குப் போவ? அதான் சொல்லல," என்றாள். அவள் நோட்டில் இரண்டு பாடம் காலியாக இருந்தது.

அன்றே டீச்சரிடம் போய் உண்மையைச் சொன்னேன். விட்டுப்போன பாடங்களை மதிய இடைவேளையில் நடத்தித் தந்தார்.

இப்போது போன் வீட்டில் இருக்கிறது. அவசரத்துக்கு கம்பெனி கேட் நம்பரைச் சுவரில் எழுதியிருக்கிறேன். தினமும் அவள் நோட்டைப் பார்க்கிறேன். கணக்கு புரியாவிட்டாலும் காலிப் பக்கம் எனக்குத் தெரியும்.

சென்ற கூட்டத்தில், "நெட் தீர்ந்தால் பிள்ளை என்ன செய்யும்?" என்று எழுந்து கேட்டேன். பதில் கிடைக்கும் வரை உட்காரவில்லை.