மாதத்தில் ஒரு ஞாயிறு

மூன்று மணி நேரம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்த "தூக்குப்போசி"யின் மூடியைத் திருகித் திறந்ததும் குப்பென்று ஒரு வாசனை வரும். சேவை மாதிரிப் பிழிந்த எலுமிச்சைச் சந்தகையும் கோழிக்குழம்பும் சூட்டில் புழுங்கிய வாழையிலையும் ஒன்றோடொன்று கலந்த வாசனை அது. எங்கள் வீட்டுச் சமையலறையில் அந்த வாசனையை நான் முகர்ந்ததே இல்லை. திருச்செங்கோட்டுப் பக்கம், விடுதியோடு சேர்ந்த ஒரு பள்ளியின் விளையாட்டு மைதானத்தில், வேப்பமரத்தடியில் விரித்த போர்வையின் மேல்தான் அது எனக்குப் பழக்கம். அப்போது எனக்குப் பத்துப் பதினொரு வயது. அந்தப் பள்ளியில் பிளஸ் ஒன்னும் பிளஸ் டூவும் படித்துக்கொண்டிருந்தவள் என் அக்கா நந்தினி.

எங்களுக்கு ஊர் சோமனூர். வீட்டை ஒட்டிய கொட்டகையில் எட்டு விசைத்தறிகள் இருந்தன. அக்கா பத்தாம் வகுப்பில் உள்ளூர்ப் பள்ளியிலேயே முதலாவதாக வந்தபோது, அவளுடைய கணக்கு டீச்சர் வீடு தேடி வந்து, "இவளை டாக்டருக்குப் படிக்க வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலையே அப்பா முடிவு செய்துவிட்டார். அக்கா மறுக்கவில்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை. அந்தப் பள்ளியில் பிளஸ் ஒன் பாடத்தைப் பெயருக்குப் புரட்டிவிட்டு, முதல் வருடமே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பித்துவிடுவார்கள், காலை ஐந்து மணிக்கு மணியடித்து எழுப்புவார்கள், பிள்ளைகளைப் பார்க்க மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை விடுவார்கள் என்றெல்லாம் அப்பா பெருமையாக ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்காவின் படிப்புச் செலவுக்காக அந்த இரண்டு வருடங்களும் கொட்டகையில் ஆள் வைத்துக்கொள்ளாமல் அப்பாவும் அம்மாவுமே மாறி மாறித் தறி ஓட்டினார்கள். ஒருவர் சாப்பிட வந்தால் மற்றவர் உள்ளே போவார். எட்டுத் தறி ஓடும் இடத்தில் சாதாரணமாகப் பேசினால் காதில் விழாது என்பதால், வீட்டில் பேச்சு என்பதே "தண்ணி மோட்டாரப் போடு", "நூலு அந்துபோச்சு" என்கிற மாதிரிக் கத்தல்களாகச் சுருங்கிப்போயிருந்தது. அக்காவோடு ஒன்றாகப் படுத்துப் பழகிய பாயில் நான் தனியாகப் படுத்தேன். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, தறிச் சத்தத்துக்குத் தாளமாகக் காலை ஆட்டியபடி தனியாகவே சாப்பிட்டேன்.

ஆகவே மாதத்தின் அந்த ஒரு ஞாயிறு அக்காவுக்கு மட்டுமானதாக இருக்கவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் அதுதான் திருவிழா. சனிக்கிழமை மாலை தறிகள் நின்றதும் அப்பாவின் முகமே மாறிவிடும். விடிவதற்கு முன்பே எழுந்து, மற்ற நாட்களில் எட்டிக்கூடப் பார்க்காத சமையலறைக்குள் நுழைந்து, சந்தகைக் கட்டையின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். வெந்த மாவை அம்மா சூட்டோடு சூடாக உள்ளே போட, அவர் தம் பிடித்து அழுத்துவார். "ஏனுங்க, தறிய இழுக்கற மாதிரி இழுக்காதீங்க, கட்டை பேந்துக்கும்" என்று அம்மா சொல்வாள். அப்பா வேண்டுமென்றே இன்னும் பலமாக அழுத்துவார். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரிப்பதை மாதத்தில் அந்த ஒரு விடியலில்தான் நான் பார்த்தேன். "ஒரு நாளாச்சும் நாலு பேரும் ஒட்டுக்கா உக்காந்து உண்டாத்தான், மிச்ச நாளு ஓடும்" என்பார் அப்பா. "ஒட்டுக்கா" என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஒன்றாக என்று அர்த்தம்.

மைதானம் முழுக்க எங்களைப் போலக் குடும்பங்கள். ஈரோடு, பல்லடம், தாராபுரம் என்று எங்கெங்கிருந்தோ வந்து, மரத்துக்கு மரம் போர்வை விரித்து இடம் பிடித்திருப்பார்கள். ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிட்டதும் அக்கா சீருடையில், இரட்டைச் சடையோடு, கையில் ஏதாவது ஒரு புத்தகத்தோடு வருவாள். வந்து உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து, "மொதல்ல சேதி சொல்லு" என்பாள். அதற்கென்றே நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். மாதம் முழுக்க நடந்ததை எல்லாம் அதில் எழுதி வைப்பேன். பக்கத்து வீட்டு ஆடு மூன்று குட்டி போட்டது, பால்காரர் மீசையை எடுத்துவிட்டது, எங்கள் டிரில் மாஸ்டர் ஓடிக் காட்டுகிறேன் என்று போய்ச் சறுக்கி விழுந்தது. நான் வாசிக்க வாசிக்க அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். தறிச் சத்தத்தில் பேசியே பழகிய அப்பா மைதானத்திலும் உரக்கத்தான் பேசுவார். நாலு குடும்பம் திரும்பிப் பார்க்கும். அக்கா வெட்கப்பட்டு, "அப்பா, மெதுவாங்கப்பா" என்பாள். சாப்பாட்டுக்கு முன்னால் அம்மா அவள் சடையைப் பிரித்து எண்ணெய் வைப்பாள். சாப்பிட்ட பிறகு நாங்கள் மூன்று பெண்களும் அஞ்சாங்கல் ஆடுவோம். அம்மாதான் ஜெயிப்பாள்.

முதல் வருடம் இப்படியே போயிற்று. அடுத்த வருடம், பிளஸ் டூவில், மழைக்காலத்து ஞாயிறு ஒன்றில் நானும் அக்காவும் "வட்டல்" கழுவக் குழாயடிக்குப் போனோம். தட்டைத் தேய்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் அவள் சொன்னாள்:

"சின்னு, நான் சொல்றத இங்க வெச்சுச் சொல்லாத. ஊட்டுக்குப் போன பொறவு அம்மாகிட்டச் சொல்லு. என்னால இங்க இருக்க முடியல. படுத்தாத் தூக்கம் வர்றதில்ல. புஸ்தகத்தத் தொறந்தா எழுத்து நிக்க மாட்டேங்குது. நம்மூருப் பள்ளிக்கூடத்துலயே படிச்சுக்கறேன்னு சொல்லு."

"சொல்றேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அன்று திரும்பும் பஸ்ஸில் அம்மா அப்பாவின் தோளில் சாய்ந்து தூங்கினாள். அப்படி ஒரு காட்சியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அப்பாவும் கண்ணை மூடியிருந்தார். வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனதும் காலையில் சொல்லலாம் என்று நினைத்தேன். காலையில் தறிகள் ஓட ஆரம்பித்துவிட்டன. மறந்துபோய்விட்டேன் என்று இப்போது எழுதிவிட எனக்கு ஆசைதான். மறக்கவில்லை. அக்கா வீட்டுக்கு வந்துவிட்டால் பஸ் பயணம் இல்லை, மைதானம் இல்லை, சமையலறையில் அப்பா இல்லை, தோளில் சாய்ந்து தூங்கும் அம்மா இல்லை என்று பதினொரு வயதில் நான் தெளிவாகக் கணக்குப் போட்டேன். போட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த மாதம் மைதானத்தில் அக்கா என் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். அவள் கேட்பதற்குள் நான் நோட்டைத் திறந்து, தலையைக் குனிந்துகொண்டு, சேதிகளை வேகவேகமாக வாசிக்க ஆரம்பித்தேன். அவள் எதுவும் கேட்கவில்லை. சிரிக்கவும் இல்லை.

அன்று சடையைப் பிரித்து எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை திடீரென்று நின்றது. எட்டிப் பார்த்தேன். இடது காதுக்குப் பின்னால், இரண்டு விரல் அகலத்துக்கு முடியே இல்லாமல், தோல் வெளிறித் தெரிந்தது. முடி தானாகக் கொட்டிய இடமல்ல அது. புத்தகத்துக்கு முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து அவளே ஒவ்வொன்றாகப் பிடுங்கியது என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. அம்மாவுக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். பக்கத்து முடியை இழுத்து அந்த இடத்தை மூடி, வழக்கத்தைவிட இறுக்கமாகப் பின்னினாள். அப்பாவும் பார்த்தார். பார்த்துவிட்டு, தூரத்தில் கைப்பந்துக் கம்பத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பசிக்குது, போசியத் தொற" என்றார். திறந்தோம். சாப்பிட்டோம். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் எப்போதையும்விட அதிகமாகப் பேசினோம், அதிகமாகச் சிரித்தோம்.

அதற்குப் பிறகு அம்மா கொண்டுபோகும் பண்டங்கள்தான் மாதாமாதம் கூடிக்கொண்டே போயின. கச்சாயம் சேர்ந்தது, ஒப்பிட்டு சேர்ந்தது, அடுத்த மாதம் இரண்டாவது போசி ஒன்றும் சேர்ந்தது. "நல்லா உண்ணு கண்ணு, ஒடம்புல தெம்பிருந்தாத்தான் படிக்க முடியும்" என்று அவள் எடுத்து எடுத்து வைப்பாள். அக்கா போட்டதை எல்லாம் சாப்பிட்டாள். அஞ்சாங்கல் ஆடக் கூப்பிட்டால் ஆடினாள். "சேதி சொல்லு" என்று கேட்பதை மட்டும் விட்டுவிட்டாள். பரீட்சைக்கு முந்தைய கடைசி ஞாயிறு, மணியடிக்கக் கால் மணி நேரம் இருக்கும்போதே எழுந்து, "நான் போறேன், படிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. "எம்புட்டுப் பொறுப்பு பாரு" என்றார் அப்பா.

மார்க் நல்ல மார்க்தான். ஆனால் அப்பா நினைத்த படிப்புக்கு அது போதவில்லை. அக்கா இன்ஜினியரிங் சேர்ந்தாள். கல்லூரி கோவையில்தான், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம்தான். ஹாஸ்டலிலேயே இருந்துகொள்கிறேன் என்று அவளாகவே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அங்கிருந்து புனேவுக்கு வேலைக்குப் போனாள். ஒரு தீபாவளிக்கு வந்தால் அடுத்த தீபாவளிக்கு வரமாட்டாள். வந்தாலும் திரும்பிப் போக டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் வருவாள்.

இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவுக்குக் கோவையில் கண் ஆபரேஷன் நடந்தபோது இரண்டு நாள் லீவில் வந்திருந்தாள். நான் கல்யாணமாகி அவிநாசியில் இருப்பதால் நானும் போயிருந்தேன். அம்மா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். மத்தியான வேளை, ஆபரேஷன் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாங்கள் இருவர் மட்டும். அத்தனை வருடம் மறைத்து வைத்திருந்ததை அன்றைக்குத்தான் சொன்னேன்.

"அக்கா, அன்னிக்குக் கொழாய்கிட்ட நீ சொன்னத நான் அம்மாகிட்டச் சொல்லவேயில்ல."

கையிலிருந்த டீயை ஊதியபடி, "தெரியும்" என்றாள்.

"நீ ஊட்டுக்கு வந்துட்டீன்னா ஞாயித்துக்கெழம போறது நின்னு போயிருமேன்னு..."

"நீ சின்னப் புள்ள. உன்னைய மட்டும் நம்பி நான் உக்காந்திருக்கல. அதே நாளு, போசியெல்லாம் எடுத்துக் கட்டறப்போ அம்மாகிட்டயும் சொன்னேன். அப்பாகிட்டச் சொல்லிராத சாமி, மனுசன் தாங்க மாட்டாருன்னாங்க. கெளம்பறப்போ ஆபீஸ் ரூமுக்குக் கூட்டிட்டுப் போயி அப்பாகிட்டயும் சொன்னேன். அம்மாளுக்குத் தெரிய வேண்டாம் அம்மணி, இன்னும் நாலு மாசந்தான்னாரு."

அவள் குரலில் கோபம் இல்லை. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

"மூணு பேரும் ஒரே பஸ்ஸுல போறீங்க. மூணு மணி நேரம். யாராச்சும் ஒருத்தர் வாயத் தொறந்திருப்பீங்கன்னு அடுத்த மாசம் வரைக்கும் நாள எண்ணிட்டிருந்தேன். நீங்க போசியத் தூக்கிட்டு வந்தீங்க."

அம்மா தூங்கினாள் என்று நான் நினைத்த பயணம் அதுதான். அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்த பயணமும் அதுதான். ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்துகொண்டு, ஒரே விஷயத்தை ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறோம். அடுத்தவர் மனம் நோகக் கூடாது என்றுதான் அவரவர் சொல்லிக்கொண்டிருப்போம். எனக்கு என்னைத் தெரியும். மாதத்தில் மூன்று மணி நேரம் கிடைத்த அந்தச் சந்தோஷத்தை இழக்க எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. அதற்கான விலையைக் கொடுத்தவள், மற்ற இருபத்தொன்பது நாளும் அங்கேயே இருந்தாள்.

கதவு திறந்து அப்பாவை அழைத்து வந்தார்கள். ஒரு கண்ணில் கட்டு. அம்மாவும் அப்போதுதான் மருந்தோடு மேலே வந்தாள். எங்கள் மூவரையும் ஒரு கண்ணால் பார்த்துச் சிரித்து, "நாலு பேரும் ஒட்டுக்கா இருந்து எத்தன நாளாச்சு" என்றார் அப்பா. "ஆமாங்கப்பா" என்று அக்கா அவர் தோளில் நழுவிய துண்டைச் சரிசெய்தாள். மறுநாள் காலை விமானத்தில் போய்விட்டாள். அதற்குப் பிறகு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பதினைந்து நிமிடம் போனில் பேசுகிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள். ஊர்ச் சேதி எதையும் கேட்பதில்லை. சொல்ல ஆரம்பித்தால் மீட்டிங் இருக்கிறது என்கிறாள்.

போன சித்திரையில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். எதிர்வீட்டு அக்கா வந்திருந்தார். அவருடைய மூத்த பெண் பத்தாம் வகுப்பில் நிறைய மார்க் வாங்கியிருந்தாள். திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பள்ளிகளைப் பற்றி விசாரிக்கத்தான் வந்தார். "தாராளமா அனுப்புங்க. நாங்க ரெண்டு வருசமும் மாசந் தவறாமப் போயிப் பாத்துப்போட்டு வருவோம். புள்ளைக்கு ஒரு கொறையும் வெக்கல" என்றாள் அம்மா.

இந்த முறை நான் வாயைத் திறந்தேன். குழாயடியில் கேட்டதையும், காதுக்குப் பின்னால் பார்த்ததையும், ஆஸ்பத்திரியில் அக்கா சொன்னதையும் அம்மாவை வைத்துக்கொண்டே ஒன்றுவிடாமல் சொன்னேன். அம்மா முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாஞ் செரிங்க" என்றார் கடைசியில். "ஆனா உங்கக்கா இன்னிக்கு நல்லாத்தானுங்களே இருக்காங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "அவளுக்கென்னங்க, ராணியாட்ட இருக்கறா" என்றாள். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

ஆனியில் அந்தப் பெண்ணைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சோமனூரில் இருந்தபோது, காலையில் அவர்கள் வீட்டு வாசலில் வாடகைக் கார் நின்றது. அந்தப் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் பைகளை ஏற்றிக்கொண்டிருக்க, அவர்களுடைய சின்னப் பெண், ஏழெட்டு வயது இருக்கும், புதுக் கவுன் போட்டுக்கொண்டு முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்திருந்தாள். எங்கே கிளம்பிவிட்டாய் கண்ணு என்று கேட்டேன்.

"அக்காவப் பாக்கறக்கு டூர் போறோமுங்க" என்றாள்.