அவள் கட்டிய துணி

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் புன்னக்காயல் கரையில் என்னைத் தெரியாது என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது. வலை இழுக்கிற கூலியாகத் தொடங்கி, தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டுபோய், பிறகு சொந்தப் படகு வாங்கி, மாடி வீடு கட்டினேன். யாரும் தூக்கிவிடவில்லை, எல்லாம் இந்தக் கை. கப்பல்காரர்களோடு சமமாக உட்கார்ந்து வெளிநாட்டு ஒயின் குடித்திருக்கிறேன். குடித்துப் பார்த்தவன் சொல்கிறேன்: என் மனைவி வீட்டில் போட்ட ஒயினுக்கு அதெல்லாம் கிட்ட நிற்காது.

அவள் போட்டது உதிரித் திராட்சையில். குலையிலிருந்து உதிர்ந்து கூடைக்கு அடியில் கிடக்கும் கறுப்புத் திராட்சையைப் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் மலிவாக அள்ளிக் கொடுப்பார்கள். அதைத்தான் வாங்குவாள். எனக்கு அது கௌரவக் குறைச்சல்.

“படகுக்காரன் பெண்டாட்டி உதிரி வாங்குதாளேன்னு மார்க்கெட்ல சிரிக்கான்டி.”

“சிரிக்கட்டும். நீங்க வேணும்னா குலையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஊர்வலம் போங்க. சாடிக்குள்ள போனா எல்லாம் உதிரிதான்.”

பழத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கையால் பிசைந்து, சீனியும் ஈஸ்ட்டும் ஒரு பிடி கோதுமையும் சேர்த்துப் பீங்கான் சாடியில் போடுவாள். கிராம்பு மட்டும் மற்ற வீடுகளைவிடக் கூடுதல். கொழும்பிலிருந்து அவளுக்கு நான் முதன்முதலில் கொண்டுவந்த சாமான் ஒரு பொட்டலம் கிராம்பு. அதைச் சொல்லிச் சொல்லியே போடுவாள். சாடி வாயை வெள்ளைத் துணியால் கட்டி, தினமும் அவிழ்த்துக் கிண்டிவிட்டு மறுபடி கட்டுவாள். பக்குவம் வந்ததும் சக்கையை வடித்து, பாட்டிலில் இறுக அடைப்பாள். ஊரில் மற்றவர்கள் கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான் போடுவார்கள். எங்கள் வீட்டில் ஒரு சாடி தீரும் முன்னே அடுத்த சாடி.

சாயங்காலம் நான் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் இரண்டு டீ கிளாஸில் ஊற்றுவாள். தொட்டுக்கொள்ளப் பொரித்த சாளையோ நெத்திலியோ இருக்கும். முதலில் இனிப்பு, பிறகு நாக்கின் ஓரத்தில் ஒரு துவர்ப்பு, விழுங்கின பிறகு தொண்டையில் கிராம்பு. நான் தோணிக் கதையை ஆரம்பிப்பேன். எத்தனையோ தடவை கேட்ட கதை. பாதி குடித்ததும் அவள் மீதியை என் கிளாஸில் ஊற்றிவிடுவாள்.

“உங்க பெருமையைக் கேட்டாலே எனக்குக் கிறுகிறுன்னு வருது. இது வேறயா?”

ஒரு தடவை, கிண்டுகிற நாள் முடிந்து வடிக்கிற சமயத்தில் அவளுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் காரில் ஏற்றும்போதும் அவள் நினைப்பு சாடியில்தான் இருந்தது. “துணியை யாரும் அவுக்காதீங்க. நான் வந்து வடிக்கேன்” என்றாள். வீட்டுக்கு அவள் உடம்பைத்தான் கொண்டுவந்தோம்.

துக்க வருசத்தில் எங்கள் வீடுகளில் நட்சத்திரம் கட்ட மாட்டோம், பலகாரம் சுட மாட்டோம், ஒயினும் குடிக்க மாட்டோம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கொழுந்தியாள் வந்து சாடியைப் பார்த்தாள்.

“அத்தான், குடிக்க வேண்டாம். வடிச்சு அடைச்சாவது வைப்போம். சக்கையோட கெடந்தா கெட்டுப்போவும்.”

“ஏட்டி, எனக்கே ஒயின் பத்திச் சொல்லித் தாறியா? கப்பல்ல பழைய ஒயினுக்குத்தான் மதிப்பு. கெடக்கக் கெடக்க ருசி ஏறும். வருசப் பூசை அன்னைக்கு ஊருக்கே ஊத்துதேன், பாரு.”

“அது கார்க் போட்டு அடைச்ச பாட்டில், அத்தான். இது வெறும் துணி.”

“அவ கட்டின துணி. அவுக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்கா.”

அந்த வருசம் முழுக்கச் சாயங்காலமானால் சாடிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். அவள் கையால் செய்தது இனி இந்த உலகத்தில் அது ஒன்றுதான். எப்போது வேண்டுமானாலும் ஒரு வாய் குடிக்கலாம், ஆனால் குடிக்காமல் இருக்கிறேன் என்ற நினைப்பே அந்த நாட்களை ஓட்டியது.

அவள் செத்து வருசம் திரும்பின அன்று கோயிலில் வருசப் பூசை முடிந்து வீடு நிறைய ஆட்கள். “இப்படி ஒரு ஒயினை ஒருத்தனும் குடிச்சிருக்க மாட்டீங்க” என்று சொல்லிவிட்டு நானே முடிச்சை அவிழ்த்தேன். இறுகிக் கிடந்தது. துணியை எடுத்ததும் மூக்கில் சுரீரென்று ஏறியது. என்னோடு தோணியில் வந்த கூட்டாளிக்கு முதல் கிளாஸ். ஒரு வாய் குடித்தான். கண்ணில் தண்ணீர் முட்டியது.

“நல்லா இருக்கு, வே.”

“பொய் சொல்லாதல.”

“பின்ன என்னத்தச் சொல்ல? புளிச்சுக் காடியாப் போச்சு, வே.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். என் கிளாஸை நிரப்பி, எல்லோரும் பார்க்க முழுதும் குடித்தேன். தொண்டை எரிந்தது. இனிப்பு இல்லை, துவர்ப்பு இல்லை. அவளைக் குழியில் இறக்கியபோது அழாதவன், அன்றைக்குக் காலிக் கிளாஸைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கொட்ட வேண்டாம் என்றேன். கொழுந்தியாள் வடித்துப் பாட்டில்களில் அடைத்தாள். “சாடியைக் கழுவித் தாரேன். இனி நான் போடுதேன், அத்தான். அக்கா பக்குவம் எனக்குத் தெரியும்” என்றாள். போடட்டும். நல்லாத்தான் போடுவாள்.

இப்போதைக்கு டவுன் கடையில் இருப்பதிலேயே மலிவான சிவப்பு ஒயினை வாங்கி அதே டீ கிளாஸில் ஊற்றிக்கொள்கிறேன். குறை சொல்ல ஒன்றுமில்லை, மீனுக்கு ஒத்துப்போகிறது. ஒரு கிளாஸ்தான், கூட ஊற்ற ஆள் இல்லை. பொரித்த மீன்மேல் அவளுடைய காடியைக் கொஞ்சம் விடுவேன். புளிப்புக்கு அடியில் கிராம்பு வாசம் மட்டும் கெடாமல் இருக்கிறது. வேறு யார் கையிலும் அந்தப் பாட்டிலைக் கொடுப்பதில்லை. இப்போது இருப்பது கடைசிப் பாட்டில். முன்னே கரண்டியால் விட்டேன், இப்போது சொட்டுச் சொட்டாக விடுகிறேன்.