சீம்பாலில் முதல் துண்டு

பக்கத்துத் தோட்டத்தில் எருமை கன்று போட்டதென்று சீம்பால் கொடுத்தனுப்பினார்கள். வெல்லமும் ஏலக்காயும் சேர்ந்து வேகும் வாசத்தில், என் ஆறு வயது எரிச்சல் அப்படியே திரும்பிவிட்டது.

அன்று எங்கள் கட்டுத்தறியில், ஈரம் காயாத கன்றை முந்தானையால் துடைத்தபடி அம்மா, "எந்திரிங்க சாமி, குடிங்க சாமி" என்றாள். என்னைக் கொஞ்சிக் கூப்பிடும் அந்தச் 'சாமி' எனக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்திருந்தேன்.

"அதையும் ஏம்மா சாமிங்கறே?"

"அதுக்குள்ளாறயும் சாமிதான கண்ணு இருக்குது. இல்லாட்டிப் பொறந்ததும் எந்திரிச்சு மடி தேடுமா?"

"ஆருக்குள்ள இருக்கற சாமி பெருசு?"

"ஆருக்குப் பசி சாஸ்தியோ, அவங்களுக்குள்ள இருக்கறதுதான்."

கன்று வயிறு முட்டக் குடித்த பிறகுதான் எனக்குச் சீம்பால் வந்தது. நான் தொடவில்லை. இரவுச் சோற்றையும் உண்ணவில்லை. கடைசியில் அம்மா என்னை மடியில் போட்டு, "வாயத் தொறங்க சாமி" என்று ஊட்டினாள்.

இன்று, வெந்த சீம்பாலில் முதல் துண்டை வாசல் பூனைக்கு வைத்து, "உண்ணுங்க சாமி" என்றாள் அம்மா. அடுத்த துண்டுதான் எனக்கு.

"எனக்கு வேண்டாம்" என்று தட்டைத் தள்ளி வைத்தேன். எனக்கு ஐம்பது வயதாகிறது.

அம்மா என்னை ஒருமுறை உற்றுப் பார்த்தாள். பிறகு ஒரு விள்ளலைப் பிட்டெடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.