முதுகிலிருந்த மேடு

அலுவலகத்தில் அவனைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் பிடித்து விளையாடும் வீடியோ கேம் கருவிக்குக் கூடு வடிவமைப்பது அவன் வேலை. படித்து முடித்ததிலிருந்து ஒரே கம்பெனி. எதைக் கொடுத்தாலும் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று செதுக்கி மெலிய வைத்துவிடுவான். சொந்தத் தொப்பையிடம் மட்டும் அவன் பாச்சா பலிக்கவில்லை.

பழைய கருவியின் முதுகில் பேட்டரிக்காக ஒரு மேடு இருந்தது. பார்க்க அசிங்கம்தான். ஆனால் பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோன அவன் மனைவிக்கு அதுதான் பிடிமானம். மேட்டை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இடது கையாலேயே ஆடுவாள். வெளியூரில் இருக்கும் தங்கையோடு தினமும் சாயங்காலம் ஒரு ஆட்டம். கட்டிலே கதியென்று கிடந்தவளை எழுப்பி உட்கார வைத்தது அந்த ஆட்டம்தான். இப்போது அவளுடைய கருவி அடிக்கடி அணைந்துபோகிறது. பழைய மாடலுக்கு உதிரிபாகமும் வருவதில்லை.

புது மாடலுக்கான கூட்டத்தில், மேட்டை எடுத்தால் யாருக்காவது சிரமமா என்று மேலாளர் கேட்டார். எந்த வடிவத்தையும் பிளாஸ்டர் கைகளில் பொருத்திப் பார்ப்பது அங்கே வழக்கம். அலமாரி நிறைய கைகள். எல்லாமே ஜோடி ஜோடியாக. மேட்டைச் செதுக்கி எடுத்துக் கத்திரி செய்திருந்த புதுக் கூடு எல்லாவற்றிலும் கச்சிதமாகப் பொருந்தியது. அவன் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் மெலிவும் போயிருக்கும், அவனுக்கு வரவிருந்த பதவியும் போயிருக்கும். எல்லோரும் கைதட்டினார்கள், கத்திரியும் வெட்கமில்லாமல் சிரித்தான்.

கூட்டை வார்க்கும் அச்சை வெட்டி முடித்து, இனி திருத்த வழியில்லை என்றான பிறகுதான் ஒரு மாதிரியை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவள் ஆசையாக வாங்கி முழங்கால்களுக்கு நடுவே வைத்தாள். வழுக்கிக்கொண்டு போனது. மறுபடியும் வைத்தாள், மறுபடியும் போனது. துண்டைச் சுற்றிப் பார்க்கலாம், தாங்கி ஒன்று செய்து தருகிறேன் என்று அவன் படபடத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அந்த மேட்டை எடுக்கும்போது என் நெனப்பு வரலையா உங்களுக்கு?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அழுதுவிட்டு மன்னித்திருப்பாள். அவனுக்கும் அது தெரியும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவனால் முடியவில்லை.

"வந்துச்சு," என்றான்.

அவள் மேஜைமேல் இருந்த போனை அவன் பக்கம் தள்ளினாள்.

"தங்கச்சி காத்துக்கிட்டிருப்பா. இனிமே ஆட்டத்துக்கு நான் வரமாட்டேன்னு நீங்களே சொல்லிடுங்க."