மெஷினக்கா வீட்டுக் கிறிஸ்துமஸ்

பேசிக்கொண்டிருக்கும்போதே நம் சட்டையின் ஓரத்தைப் பிடித்து, விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்க்கிறார். பார்த்துவிட்டு, "இது நாலு துவைப்புத் தாங்காது தம்பி. கடைக்காரன் உங்க தலையில கட்டிட்டான்" என்கிறார். புதுச் சட்டை போட்ட அன்று இவர் கண்ணில் படாமல் படியிறங்கிவிட வேண்டும் என்பது எங்கள் குடியிருப்பின் எழுதாத சட்டம். நான் பலமுறை மாட்டியிருக்கிறேன். இவர் கெடு வைத்த எந்தச் சட்டையும் அதைத் தாண்டியதில்லை.

எல்லோருக்கும் இவர் மெஷினக்கா. ஆஸ்பத்திரி ஒன்றின் துணி அறையில் வேலை. கிழிந்து வரும் படுக்கை விரிப்பு, தலையணை உறை, நோயாளிகளின் அங்கி என எல்லாவற்றுக்கும் ஒட்டுப் போட்டு, ஓரம் அடித்து, மறுபடி வார்டுக்கு அனுப்ப வேண்டும். பகலெல்லாம் தையல் மெஷின் இரைச்சலில் உட்கார்ந்து உட்கார்ந்து, வீட்டிலும் குரல் இறங்குவதில்லை. இவர் என் காதோடு காதாகச் சொல்லும் ரகசியம் மேல்மாடிக்குக் கேட்கும். மேல்மாடிக்காரர்கள் அதற்கு அங்கிருந்தே பதில் சொன்னதும் உண்டு.

எங்கள் இருவர் வீட்டுக் கதவும் எதிரெதிர். அக்காவுடையது ஒற்றை அறை. ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் கட்டில், நடுவில் ஆள் நடக்க இடம். கட்டிலில் அவருடைய கணவர். லாரி ஓட்டியவர். எனக்கு அண்ணன் முறை வைத்துத்தான் பழக்கம். சர்க்கரை வியாதி முற்றி, இந்த வருடம் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். எழுப்பி உட்காரவைத்தால் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார், மறுபடி சுவர்ப் பக்கம் சாய்ந்துவிடுவார். மகள் வெகுதூரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் போனில் கூப்பிட்டால் "ம்" என்பார். அந்த 'ம்'மும் சுவருக்குத்தான்.

போன வருடம் வரை கிறிஸ்துமஸ் வந்தால் இந்த மனிதர் மாடியையே ரெண்டாக்குவார். தலையணையை வயிற்றில் கட்டிக்கொண்டு, பஞ்சை மோவாயில் ஒட்டிக்கொண்டு, கதவு கதவாகத் தட்டிக் கேக் கொடுப்பார். "கதவைத் தொறக்கலேன்னா உள்ள வந்து ஆடுவேன்" என்று மிரட்டுவார். தூக்கம் கெட்ட எரிச்சலில் நான் முணுமுணுத்ததுண்டு. இந்த வருடம் அந்தச் சத்தம் இல்லாத மாடி எனக்குப் பிடிக்கவில்லை.

"பண்டிகைக்குள்ள இவரை இந்தப் பக்கம் திரும்ப வச்சிரணும் தம்பி" என்றார் அக்கா ஒருநாள். வழக்கம்போல் அண்ணனுக்கும் கேட்கிற மாதிரிதான். "வீடு இப்படி வெறிச்சுன்னு கெடந்தா மனுசன் எதைப் பார்க்கத் திரும்புவாரு? நீங்களே சொல்லுங்க."

கையில் இருந்ததெல்லாம் மருந்துக்குப் போயிருந்தது. அதற்காக அசருகிற ஆளில்லை இவர். அண்ணன் விழுங்கிய மாத்திரைகளின் காலி அட்டைகளைச் சேர்த்துவைத்து, வெள்ளித் தாள் பக்கம் தெரிய நட்சத்திரம் நட்சத்திரமாக வெட்டினார். "அவ்வளவு கசப்பையும் முழுங்கினவருக்கு இதாவது மின்னட்டும்" என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். லாரியின் நெற்றியில் கட்டியிருந்த சீரியல் பல்பு மாலையில் பாதிதான் எரிந்தது. எரியாத பாதியை அலமாரிக்குப் பின்னால் ஒளித்தார். பேக்கரியில் கேக்கின் ஓரங்களை வெட்டி ஒதுக்குவார்கள் அல்லவா, அந்தத் துண்டுகளைப் பொட்டலமாக வாங்கிவந்து, ஜாம் தடவிக் கிண்ணத்தில் அழுத்தி வைத்தார். கவிழ்த்தால் முழுக் கேக் மாதிரியே இருக்கும் என்று எனக்குச் சத்தியம் செய்தார்.

இதையெல்லாம்விட, நட்சத்திரம் தொங்கவிட்ட விதத்தைச் சொல்ல வேண்டும். நான் ஸ்டூல்மேல் நிற்கிறேன். அக்கா கட்டிலை ஒட்டித் தரையில் மண்டியிட்டு, அண்ணனின் தலையணை மட்டத்துக்குத் தன் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடியபடி பார்க்கிறார். "இன்னும் கொஞ்சம் இடது பக்கம். ஐயோ அவ்வளவு இல்ல. இவரு திரும்பினா மொதல்ல கண்ணுல படறது அதாத்தான் இருக்கணும்." இவருடைய காதுக்கு ஒரு சாண் தூரத்தில் அண்ணனின் முதுகு. அது அசையவே இல்லை. எனக்கு ஸ்டூலைவிட்டு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது.

மரம்தான் கடைசியில் வந்தது. பழைய குடை ஒன்றைப் பாதி விரித்து, மண் நிரப்பிய வாளியில் நட்டு, அதன்மேல் பச்சைத் துணியைச் சுருக்குச் சுருக்காக, அடுக்கடுக்காகத் தைத்திருந்தார். அசல் மரம் தோற்றது. ஆபரேஷன் தியேட்டரில் பயன்படுத்திய துணி. நைந்துவிட்டதென்று கழித்துப் போட்டதை, மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். "இந்த மாதிரி உழைக்கிற துணி உலகத்துலயே கிடையாது தம்பி. எத்தனை வாட்டி வேக வச்சாலும் சாயம் விடாது. தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டுப் பார்த்தேன். அவர் முகத்தில் அப்படியொரு பெருமை. எனக்கும் அது துணியாகத்தான் தெரிந்தது, பொய் சொல்லவில்லை.

பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, சுவிட்சுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, கட்டிலருகே போனார். "என்னங்க, ஒரே ஒரு தடவை. எனக்காக. பாத்துட்டு வேணும்னா திரும்பிக்கங்க."

ரொம்ப நேரத்துக்குப் பிறகு அண்ணன் முழங்கையை ஊன்றிப் புரண்டார். அக்கா எனக்குக் கண்ணைக் காட்ட, நான் சுவிட்சைப் போட்டேன். மாத்திரை அட்டை நட்சத்திரங்கள் உண்மையிலேயே மின்னின. அண்ணனின் கண் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தது. உதட்டோரம் ஏதோ அசைந்த மாதிரிகூட இருந்தது. அப்புறம் கண் மரத்தில் வந்து நின்றது.

"இந்தத் துணி..." என்றார். "முதுகுல ஊசி போட்டு, மூஞ்சிக்கு முன்னால திரையாட்டம் கட்டினாங்களே, அதுதான இது? முழிச்சிட்டுத்தான கெடந்தேன். அறுக்கற சத்தம் கேட்டுட்டே, இதையேதான் பாத்துட்டுக் கெடந்தேன்."

அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இம்முறை போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அக்கா எத்தனையோ வருடமாக அந்தத் துணியைத் தைக்கிறார், மடிக்கிறார், அடுக்குகிறார். அதற்கு அந்தப் பக்கம் ஒரு மனிதனின் முகம் இருக்கும் என்பது அவர் வேலைக்குள் வந்ததே இல்லை. வேறு யார் செய்திருந்தாலும் பச்சைக் காகிதமோ ஏதாவது செடியோ வைத்திருப்பார்கள். இந்தத் தவறு மெஷினக்காவுக்கு மட்டுமே வாய்க்கக்கூடியது.

மரத்தை வாளியோடு தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "உங்க வீட்டுல இருக்கட்டும் தம்பி" என்றார். அவர் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன். "எனக்குத் துணின்னுதான் தெரிஞ்சுது. கையில எடுத்தப்ப நல்ல துணியா இருக்கேன்னுதான் தோணுச்சு. இத்தனை நாள் கூடவே இருந்துட்டு, அவரு என்னத்தப் பாத்தாருன்னு நான் ஒரு வார்த்தை கேக்கல பாருங்க." வாசலில் உட்கார்ந்து அழுதார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். கொடுத்த கையோடு, குடிக்கச் சொல்லவும் மறந்து நின்றேன்.

பண்டிகையன்று காலையில் சர்ச்சுக்குப் போய்வந்ததும் கதவைத் தட்டினார். முகம் கழுவி, இருப்பதில் நல்ல சேலையாகக் கட்டியிருந்தார். உள்ளே போனேன். கேக் கிண்ணத்தைக் கவிழ்த்ததில் ஒரு பக்கம் உதிர்ந்துபோயிருந்தது. மீதி நிற்கத்தான் செய்தது. பல்பு மாலை பாதி எரிய, நட்சத்திரங்கள் தலையணைக்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தன. அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"மரம் இல்லங்க. எடுத்துட்டேன். இப்பத் திரும்பலாம்" என்றார் அக்கா.

அக்கா கேக்கின் உதிராத பக்கத்திலிருந்து ஒரு துண்டு வெட்டினார்.

"கேக்காவது ஒரு வாய்."

அண்ணன் திரும்பவில்லை. அக்கா சிறிது நேரம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் நழுவப் பார்த்தேன். "தம்பி, கால்மாட்டுப் பக்கம் பிடிங்க" என்றார். என்ன ஏதென்று கேட்காமல் பிடித்தேன். அண்ணன் குலுங்காதபடி இருவருமாகக் கட்டிலைச் சுவரைவிட்டு ஓர் ஆள் அகலத்துக்கு நகர்த்தினோம். நகர்த்திய இடத்தில் தூசியும் ஒட்டடையும். அக்கா அலங்காரத்தின் பக்கம் பார்க்கவேயில்லை. சுவிட்சை அணைத்தார். தட்டில் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு, பண்டிகைச் சேலையோடு அந்த இடுக்கில் பக்கவாட்டில் நுழைந்து, சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார்.

இப்போது இருவர் முகமும் நேருக்கு நேர். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா கேக்கைப் பிட்டு அவர் உதட்டருகே கொண்டுபோய், கையைத் தாழ்த்தாமல் பிடித்துக்கொண்டே இருந்தார்.