வெட்டாமல் விட்ட கரை

பதுளை டவுனில் உள்ள எங்கள் தையல் கடைக்கு மெனேஜர் வந்த முதல் நாளே நேராக என் மேசைக்குத்தான் வந்தார். முதலாளியின் மருமகன். ஏதோ ஒரு கார்மென்ட் பெக்டரி ஆபீசில் எட்டு மாதம் ஏசிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர். ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. மற்ற எல்லாம் தெரியும்.

யூனிபோர்ம் சீசன். நான் வெள்ளைத் துணியின் கரையை வெட்டிக்கொண்டிருந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: துணியின் இரண்டு பக்கமும் நூல் பிரியாதபடி மில்லிலேயே நெருக்கி நெய்த ஓரம் இருக்கும். அதுதான் கரை. பார்க்க லட்சணமாக இருக்கும். துவைத்தால் மற்றத் துணியைவிட அதிகமாகச் சுருங்கும். அதனால் வெட்டி எடுத்துவிட்டு, வெட்டின ஓரம் பிரியாமல் ஓவர்லொக் அடிப்போம்.

"என்ன மாஸ்டர், மில்லுலயே முடிச்சுக் குடுத்த ஓரத்த வெட்டிட்டு, நீங்க மறுபடி முடிக்கிறீங்க?"

"துவைச்சா இழுத்துக்கும் சேர்."

"பெக்டரில யாரு வெட்டுறா? அப்படியே மூட்டுங்க. வேல சுருக்கா முடியும்."

முப்பது வருஷமாகக் கத்தரி பிடிக்கிறவன் நான். "சரிங்க சேர்" என்றேன்.

முதலில் அப்படித் தைத்தது பாக்கியத்தின் மகளுடைய கவுன். பாக்கியம் ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். மகளுக்குப் பதுளையில் பெரிய பாடசாலையில் சயன்ஸ் படிக்க இடம் கிடைத்திருந்தது. அவர்கள் லய வீடுகளிலிருந்து அப்படிப் போகிற முதல் பிள்ளை. இருந்தது அந்த ஒரு கவுன்தான்.

பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று பகலே பாக்கியம் கடைக்கு வந்துவிட்டார். பிள்ளைக்கு உடுத்துமுன் புதுத் துணியின் கஞ்சி போக, பீலியில் விழும் மலைத் தண்ணீரில் துவைத்து இஸ்திரி போட்டிருந்தார். கவுனின் இரண்டு பக்கத் தையலும் சுருங்கி மேலே ஏறி, முன்னும் பின்னும் மட்டும் தொங்கியது.

"ஸ்கூல் கேட்டுலயே நிப்பாட்டிட்டாங்க மாஸ்டர். தோட்டத்துல இப்படித்தான் உடுத்துவீங்களான்னு டீச்சர் கேட்டாங்களாம். இனிமே போகமாட்டேன்னு அழுவுது பிள்ள."

மெனேஜர் எட்டிப் பார்த்தார். "நீங்க கல்லுல போட்டு அடிக்கிற அடிக்கு எந்தத் துணிம்மா தாங்கும்?"

பாக்கியம் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "எப்பவும் வெட்டின கரைய சுருட்டித் தருவீங்க, அவரைக்கொடி கட்டுவேன். இந்தத் தடவ தரல. தெரிஞ்சேதானே தச்சீங்க?"

"ஆமாங்க. தெரிஞ்சேதான்."

மெனேஜர் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வீரம் அவ்வளவுதான்! நான் பாக்கியத்தின் முன்னாலேயே தையலைப் பிரித்து, கரையை வெட்டி, மறுபடி மூட்டினேன். இடுப்பு கொஞ்சம் பிடித்தாலும் ஓரம் நேராக விழுந்தது.

"நாளைக்கு நீங்களும் கேட்டுக்கு வாங்க" என்றார் பாக்கியம். "தப்பு யாருதுன்னு அந்த டீச்சர்கிட்ட சொல்லுங்க."

அந்த மெனேஜரை எவ்வளவு வேண்டுமானாலும் நக்கல் அடிக்கலாம், தகும். ஆனால் மெஷினை மிதித்த கால் என்னுடையது. தெரிந்த வேலையைத் தெரியாதவன் பேச்சுக்காகக் கெடுக்கிறவன் அவனைவிடக் கேவலமானவன்.

மறுநாள் பாக்கியத்தோடும் பிள்ளையோடும் கேட்டுக்குப் போனேன். "தச்சது நான், டீச்சர். தப்பு என்னோடது" என்றேன். டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பிள்ளையை உள்ளே போகச் சொன்னார். பிள்ளை என்னையும் அம்மாவையும் பார்க்காமலே உள்ளே போனது.